கண்ணாவுக்கு, ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நடக்கப் போகலாமா என்று கேட்டால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. போனில் எதை அனுப்பினாலும் இரண்டு நீல டிக்கோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபாலில் வந்தால் பிரித்துத்தானே ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், பேசர்ஸும் தண்டரும் மோதியது, அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. முதல் குவார்ட்டரிலேயே பேசர்ஸின் ஹாலிபர்ட்டன் மூன்று த்ரீ, அதாவது மூன்று புள்ளிக் கூடை, போட்டிருந்தான். இன்றைக்கு இவன் நாள் என்று அப்பாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, கிளம்பப் போனவன் அப்படியே கால் மடங்கி விழுந்தான். தரையை உள்ளங்கையால் அடித்து அடித்து அழுதான் பார், அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. கெண்டைக்கால் வலியோடு ஆட வந்த பிள்ளைக்கு குதிகால் நரம்பு, அந்த அக்கிலிஸே அறுந்துவிட்டது. நான்கு சுற்றிலும் கடைசி நொடியில் பந்தைப் போட்டு அணியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனான். அவன் போன பிறகும் இடைவேளையில் பேசர்ஸ்தான் ஒரு புள்ளி முன்னால், 48-47. அப்புறம் மூச்சு வாங்கிவிட்டது. 103-91, தண்டருக்குக் கோப்பை.

'பாவம் அந்தப் பிள்ளை' என்று உனக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து நீ எழுதியது: 'எல்லாம் போச்சும்மா.'

பேசர்ஸ் நம் அணி இல்லை. நம் பிலடெல்பியா சிக்ஸர்ஸ்தான் 82 ஆட்டத்தில் 24 ஜெயித்து, ப்ளே-ஆஃப் பக்கமே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்களே. அந்தப் பிள்ளைக்காக இரக்கப்பட்டுச் சொன்னாய் என்று வைத்துக்கொண்டேன். சரி. அடுத்தவன் விழுந்தால் நீ அழுவாய், அது எனக்குத் தெரியும். 2019-இல் டொராண்டோவில் கவாய் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை குதித்துவிட்டு உள்ளே போனதே, அன்றைக்கு நம் எம்பீட் அழுததைப் பார்த்து நீயும் அழுதாய். 92-90. நான் குக்கரை அணைக்கவும் மறந்து நின்றேன். இரண்டு நாள் உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அழுகையில் எனக்குப் பெருமைதான், சொன்னதில்லை. தோற்றது நம் பையன்கள், அழுதது நம் வீட்டுப் பையன், எல்லாம் ஒரே கணக்கு.

தூங்குகிறாயா? ஆட்டம் முடிந்தால் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படு. மேற்குப் பக்கத்து ஆட்டமெல்லாம் உனக்கும் நடுராத்திரி தாண்டிவிடுகிறது. மறுநாள் ஸ்கோர் எங்கேயும் ஓடிப்போகாது.

போன வருஷம் நிக்ஸோடு ஐந்தாவது ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நம் மேக்ஸி கடைசி அரை நிமிஷத்தில் ஏழு புள்ளி போட்டுத் தோற்ற ஆட்டத்தை ஓவர்டைமுக்கு இழுத்தானே. 112-106. நான் சோபாவின் மேலேயே ஏறி நின்றேன், அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டார். நீ உடனே கூப்பிட்டாய். "மேக்ஸி 46 போட்டுட்டான்மா!" என்றாய். ஜெயிச்சுட்டோம்மா என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தோம். அன்று உன் குரலில் துக்கமே இல்லை. பையன் வளர்ந்துவிட்டான், விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறான் என்று உன் சித்தியிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

என் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறான். உன் வயதுதான் இருக்கும். நல்ல பையன், கெட்டிக்காரன். அவன் ஆட்டம் பார்க்கும்போது எந்த அணி என்றே பார்ப்பதில்லையாம். இவன் எத்தனை ரீபவுண்டு, அவன் எத்தனை த்ரீ, அவ்வளவுதான். இரண்டு அணிப் புள்ளிகளையும் கூட்டி இத்தனைக்குக் கீழே நிற்கும் என்றும் பணம் கட்டலாமாம். பார்லே என்று ஒன்று, ஐந்து விஷயத்தைச் சேர்த்துக் கட்டுவது. நான்கு சரியாக வந்து ஒன்று தப்பினாலும் கட்டியது போனதுதான். அவன் எனக்கு விளக்கிச் சொன்னபோது கண்ணில் ஒரு பளபளப்பு. நான் கணக்கு எழுதுகிறவள் இல்லையா, கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு கவரின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். சாதாரணப் பந்தயத்திலேயே 110 டாலர் கட்டினால்தான் 100 லாபம். அப்படியென்றால் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு தடவைக்கு மேல் ஜெயித்தால்தான் கைநட்டம் இல்லாமல் நிற்கலாம். ஐம்பது ஜெயித்து ஐம்பது தோற்றவன் சமமாக இருப்பதாக நினைப்பான், ஆனால் ஐந்நூறு டாலர் போயிருக்கும். பார்லே இன்னும் மோசம். இதை அந்தப் பையனுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல், உன் வயதுக்காரர்களுக்கு எப்படிச் சொன்னால் ஏறும்?

2018-ஐ நினைத்துப் பார்க்கிறேன். நீ பள்ளியில் கடைசி வருஷம். 1960-க்குப் பிறகு அமெரிக்கக் கால்பந்தில் நம் ஊர் ஈகிள்ஸுக்கு ஒரு கோப்பை, முதல் சூப்பர் பவுல். அதற்கு முந்தைய ஆட்டத்தில் வைக்கிங்ஸை ஜெயித்த அன்றைக்கே பிராட் தெருவில் யாரும் ஏறக்கூடாது என்று போலீஸ் விளக்குக் கம்பமெல்லாம் டால்டா மாதிரி ஒன்றைத் தடவி வைத்தார்கள், நம் ஊர்க்காரர்கள் அதிலும் ஏறினார்கள். நீயும் போகிறேன் என்றாய், நான் கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். நிக் ஃபோல்ஸ் பந்தை எறிய வேண்டியவன், அவனே ஓடிப்போய் டச்டவுன் பிடித்தான். நம் பிராண்டன் கிரஹாம் எதிரணி பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டபோது நீ என்னைத் தூக்கியே விட்டாய். ஊர்வலத்துக்கு இறந்துபோன அப்பாக்களின் சாம்பலைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றிப் படித்துவிட்டு உங்க அப்பா பேசாமல் எழுந்து போனார். அந்த இரவில் நம் வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு பைசா வரவும் இல்லை, போகவும் இல்லை. அதே வருஷம் மே மாதம்தான் பக்கத்து நியூ ஜெர்சி மேல்முறையீடு செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்காக எல்லா மாநிலத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது. மூன்று மாதம்! அந்த வருஷம் முடிவதற்குள் பென்சில்வேனியாவிலும் வந்துவிட்டது. இப்போது டச்டவுனுக்கும் டச்டவுனுக்கும் நடுவே சிரித்த முகமாக நாலு பேர் வந்து கட்டு கட்டு என்கிறார்கள். கடைசியில் ஒரு ஆள் மூச்சு விடாமல் 1-800-கேம்ப்ளர் என்று சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கான உதவி எண்ணை ஒப்பிக்கிறான். அதை மட்டும் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொல்ல வேண்டும்?

இந்த பிப்ரவரியில் சீஃப்ஸோடு நடந்த சூப்பர் பவுலுக்கு நீ வந்திருந்தது எவ்வளவு சந்தோஷம். நம் கூப்பர் டிஜீன் தன் பிறந்தநாளும் அதுவுமாக மஹோம்ஸின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். நம் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எனக்கு ஏன் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். கல்லூரியில் இறுதி ஆட்டத்தின் நடுவே உட்கார வைத்தார்கள், முகம் கோணாமல் பெஞ்சில் நின்று கைதட்டினான். பிள்ளை என்றால் அப்படி. வீடு நிறைய ஆட்கள், வாணலியில் பஜ்ஜி, 40-6. மீதி இருந்தது கொஞ்ச நேரம், சீஃப்ஸ் தலைகீழாக நின்றாலும் ஜெயிக்க முடியாது. அப்போது அவர்கள் ஒரு டச்டவுன் போட்டு, கூடவே இரண்டு புள்ளியும் எடுத்தார்கள். 40-14. யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் ஷூகூடப் போடாமல் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாய். அந்தக் குளிரில். நான் பஜ்ஜித் தட்டோடு கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

40-உம் 6-உம் 46. 40-உம் 14-உம் 54. எனக்குக் கூட்டல்தானே தொழில்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீ ஹாலில் போன் வெளிச்சத்தில் டேபிள் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த ஊரோ, யாரோ இரண்டு பேர், காலரியில் ஒரு ஈ காக்கை இல்லை. மணி மூன்று. நல்ல விளையாட்டு, கண்ணுக்கும் பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். உங்க அப்பாவை எழுப்பி, போய் அவனோடு உட்காருங்கள், என்ன ஏது என்று கேளுங்கள் என்றேன். மனிதர், கூடைக்குப் பக்கத்தில் நின்றும் பந்தைப் போடாமல் அடுத்தவனிடம் தள்ளிய நம் சிக்ஸர்ஸ் பென் சிம்மன்ஸ் ஆகிவிட்டார். கூடைக்கு நேர் அடியில் நின்றுகொண்டு, "நீயே கேளு, உன்னிடம்தான் சொல்வான்" என்று பந்தை என்னிடமே தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்தார். (சிம்மன்ஸாவது பக்கத்தில் ட்ரே யங் நிற்கிறான் என்று பயந்தான். இவருக்கு யார் நின்றார்கள்?)

பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். திருச்சி வீடு எப்படிப் போனது என்று நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. அவரும் கெட்ட மனிதர் இல்லை. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அரசாங்கமே விற்கிற சீட்டுதானே, தப்பில்லை என்பார். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த அன்று பெரியம்மா பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைத்தார். அதற்குள் உடைக்க வேறு எதுவும் வீட்டில் மிச்சமில்லை. நீ பெரியப்பா மாதிரி என்று நான் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதே. உனக்கு அவர் மூக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜான்டே போர்ட்டரைப் பற்றிப் படித்திருப்பாய். டொராண்டோவில் ஆடிக்கொண்டிருந்தவன். குறைவாகத்தான் போடுவான் என்று கட்டியவர்களுக்காக, உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் பாதியில் வெளியே போனான். 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை. சூதாட்டப் பழக்கத்தில் தலைக்கு மேல் போய்விட்டது என்று அவன் வக்கீலே சொன்னார். அண்ணன்காரன் டென்வரில் கோப்பை ஜெயித்தவன். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டும். அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஹாலிபர்ட்டனும் ஒரு தடவை சொன்னான், பாதி உலகத்துக்குத் தான் பந்தயத்தில் பணம் சம்பாதித்துத் தருகிற ஆள் மட்டும்தான் என்று. அதைப் படித்த பிறகு அவன் தரையை அடித்து அழுததைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு எத்தனை பேர் அவன் காலுக்காக அழுதார்களோ.

சொல்ல மறந்துவிட்டேன், எதிர் வீட்டில் விற்றுவிட்டுப் போகிறார்கள். கறிவேப்பிலை இந்தக் கோடையில் நன்றாகத் துளிர்த்திருக்கிறது. தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. உன் சிகாகோக்காரர்கள், நம் ஈகிள்ஸோடு ஆடியபோது கோல் கம்பத்திலும் பட்டு குறுக்குக் கட்டையிலும் பட்ட அந்த உதையை இன்னும் பேசுகிறார்களா? நான் பூஜை அறையில் நின்றதால்தான் அது உள்ளே போகவில்லை என்று நீதான் சொன்னாய். அது 16-15.

இந்த வருஷம் டாக்ஸ் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னாய். பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா சொன்னார். முதல் வேலையில் சேர்ந்ததிலிருந்து நான்தான் போட்டுத் தந்தேன், நீயும் ஒவ்வொரு காகிதமாகப் படம் எடுத்து அனுப்புவாய், எனக்கு அது ஒரு திருவிழா. ஏன் இந்த வருஷம் மட்டும் வேண்டாம் என்றாய் என்று நான் கேட்கவில்லை. எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அக்டோபர் 15 வரை நேரம் இருக்கிறது. போடாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, அதற்கும் வழி உண்டு, அபராதம் கட்டினால் தீர்ந்தது.

ஜூலை 4 வாரக் கடைசியில் நாங்கள் அங்கே வருகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே. அப்பாவிடம் ஏரியும் மீன் காட்சிசாலையும் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் அங்கே சுற்றட்டும். நாம் இரண்டு பேரும் உன் சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு பில், போனில் இருக்கிற அந்தக் கணக்கு, எல்லாவற்றையும் ஜனவரியிலிருந்து எடுத்து வை. பேச்செல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு வந்தாலும் நான் கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா