ஷிப்ட் மாறும் கால் மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் நடக்கும் குழுப் பயிற்சி முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோவை, பெங்களூரு, சென்னை நகரங்களிலிருந்து ஊழியர்களைப் பேருந்தில் அழைத்துவந்து, உதகையிலும் குன்னூரிலும் விடுதிகளில் தங்கவைத்து, கயிறு இழுத்தல் முதலிய விளையாட்டுகளை நடத்தி, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்காரவைத்து அனுப்பும் வழக்கம் பெருகிவருகிறது. இதனால் மலையில் விடுதிகளுக்கும் வாடகை வண்டிகளுக்கும் வருமானம் கிடைப்பது மகிழ்ச்சியே. ஆனால் இதைப் பார்த்து, இங்குள்ள தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தங்கள் ஆட்களுக்கும் இப்படி ஒன்று நடத்திவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று நம்பத் தொடங்கியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் மேற்பார்வைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு குழு வலுப்பெறுவதும் சிதைவதும் வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் நேரத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சைக் கொழுந்து மாலையில் லாரிகளில் வந்து சேரும். எடை போட்டு, வாடல் ட்ரஃபுகளில், அதாவது இலையை வாடவைக்கும் நீண்ட தொட்டிகளில், பரப்புவார்கள். அடியிலிருந்து விசிறி காற்றை ஊத, இரவெல்லாம் வாடி, விடியற்காலையில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளுக்குப் போகும். பரப்பிக் காவல் காப்பவர்கள் ஒரு ஷிப்ட், இயந்திரத்தில் போடுபவர்கள் அடுத்த ஷிப்ட். கொழுந்து பதமாக வாடியிருக்கிறதா என்பதை அறிய, அனுபவப்பட்ட கைக்குக் கருவி தேவையில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால், வாடியது உருண்டையாகவே கிடக்கும், வாடாதது துள்ளி விரியும். தண்டை வளைத்தால் வாடியது துவளும், வாடாதது படக்கென்று ஒடியும். ஒரு மழைக்காலத்தில், கொழுந்து நனைந்தே வந்துகொண்டிருந்த நாள்களில், ட்ரஃபில் நின்ற தொழிலாளிக்கு அடியிலுள்ள இலை இன்னும் ஈரமாக இருப்பது நன்றாகத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. முன்பு ஒருமுறை விசிறி நின்றுபோனதைச் சொல்லப்போய், "நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியவர் அவர். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் கேட்கவும் இல்லை; நேரமாகிவிட்டது என்று அள்ளிப் போட்டார்கள். ஈர இலை உருளையில் கூழானது, இலையை உலர்த்தும் டிரையர் கூடுதல் விறகைத் தின்றது, தூளில் நிறமும் சாறும் குறைந்தன, ஏலத்தில் விலையும் இறங்கியது. பிறகு ட்ரஃப்காரர்கள் உருளைக்காரர்களையும், உருளைக்காரர்கள் டிரையர்காரர்களையும் குறை கூற, நிர்வாகம் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. நன்றாகத்தான் பேசினார், எல்லோரும் கை தட்டினோம், சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரமும் ஈர இலைதான் உருளைக்குப் போயிற்று.

நிலைமையை மாற்றியவர் புதிதாகப் பொறுப்பேற்ற டீ மேக்கர், அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இரவு ஷிப்ட் ஆட்கள் கால் மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் ட்ரஃப் ட்ரஃபாக நடந்து இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதலில் பேச வேண்டியவர் இலையைப் பரப்பியவர். அதிகாரி கடைசியில்தான் வாய் திறக்கலாம். தொடக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் விடவில்லை, தாமே ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "அண்ணே, ஆறாம் ட்ரஃப் எப்படி இருக்கு?" என்று நாள்தோறும் கேட்டார். கடைசியில் ஒரு நாள் அதே தொழிலாளி, "அடியில இன்னும் ஈரம் இருக்குங்க சார், ஒரு மணி நேரம் பொறுக்கணும்" என்றார். டீ மேக்கர் உடனே அந்த ட்ரஃபை ஒதுக்கிவைத்து, மற்றவற்றை முதலில் எடுக்கச் சொன்னார். ஏன் ஈரம், யாரால் ஈரம் என்ற விசாரணை எதையும் அங்கே நடத்தவில்லை. மற்றவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் தகவல் தானாக வரத் தொடங்கியது.

கயிறு இழுக்கும் விளையாட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பிரான்சு நாட்டு வேளாண் பொறியியல் அறிஞர் மாக்ஸ் ரிங்கல்மான், ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் இழுக்கவைத்து அளந்து, 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த விசை, எட்டுத் தனி ஆட்களின் விசையைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறையப் பாதிதான். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாதபோது ஒவ்வொருவரும் சற்றுத் தளர்வது இன்னொரு காரணம். வேலை தேங்கினால் மேலும் நான்கு ஆட்களைப் போடும் நம் ஊர் வழக்கத்தை இந்த அளவீட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். எந்த ட்ரஃப் யாருடையது என்று தெரிந்திருந்ததால்தான் மேற்சொன்ன தொழிலாளியால் பதில் சொல்ல முடிந்தது.

தவறுகளைச் சொல்லும் துணிவைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு நம் நிர்வாகிகள் அனைவரும் அறிய வேண்டியது. நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தவருக்கு, அவற்றின் கணக்கில்தான் தவறுகள் அதிகம் என்று தெரியவந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். ஆகவே, குறையே பதிவாகாத குறிப்பேட்டை நீட்டும் பிரிவைப் பாராட்டுவதற்கு முன் நிர்வாகி சற்று யோசிக்க வேண்டும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்று மட்டும்தானா என்று கேட்பவர்கள் கல்லாறு முதல் குன்னூர் வரை நம் மலை இரயிலில் ஏறிப் பார்க்கலாம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த இரயிலின் பல்சக்கரப் பாதையில், ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள தண்டவாளம் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பாதையில் கண் வைத்திருக்கும் அவர்கள் கொடியால் காட்டும் சைகை பெட்டிக்குப் பெட்டி கடந்து பின்னாலிருக்கும் ஓட்டுநரை அடைகிறது. எஞ்சினின் விசில் ஒலிக்கேற்ப அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் இயக்குகிறார்கள். ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், முதல் பெட்டியில் நிற்பவர் சிவப்புக் கொடியைக் காட்டத் தயங்கினால் அந்தத் திறமை உதவாது. நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாதையில் வண்டி ஏறி இறங்குவதில் அவர்களுக்குள்ள பங்கை நம் மாவட்டத்திலேயே பலர் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போதைய நிலைமையில் என்னை மிகவும் உறுத்துவது, ஆட்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை என்பதுதான். உள்ளூரில் ஆள் கிடைக்காததால் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களை நம்பியே பல எஸ்டேட்டுகளும் தொழிற்சாலைகளும் ஓடுகின்றன. அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிவிடுகிறார், மேற்பார்வையாளருக்கு அவர்கள் பெயர்கூடத் தெரிவதில்லை, "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், புரிந்ததாக எழுதிக்கொள்கிறோம். சொன்னதைத் திருப்பிச் செய்துகாட்டச் சொன்னால் அந்த நொடியிலேயே உண்மை தெரிந்துவிடும். சேர்ந்து பழகாத குழுவினால் விளையும் ஆபத்துக்கு விமானத் துறையில் தெளிவான கணக்கு இருக்கிறது. விமானக் குழுவினரின் தவறும் காரணமான பெரிய விபத்துகளில் 1978 முதல் 1990 வரை நடந்தவற்றை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 1994-இல் அறிக்கை வெளியிட்டது. விவரம் கிடைத்த விபத்துகளில் 73 விழுக்காடு, அந்த விமானிகள் சேர்ந்து பணியாற்றிய முதல் நாளிலேயே நேர்ந்திருந்தன. அறுவை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வகுத்த பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தி வைக்கும் முன் அங்குள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது ஒரு படி. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைச் சோதித்ததில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009-இல் வெளியிட்டார்கள். பெயர் சொல்லும் படி ஒன்றே இதைச் செய்ததென்று நான் கூறவில்லை. செலவில்லாத அந்தப் படியைக்கூட நம் தொழிற்கூடங்களில் காணோம் என்பதே என் ஆதங்கம்.

முகாம்களே கூடாது என்பதும் என் வாதமன்று. சேர்ந்து நடப்பதும் சேர்ந்து உண்பதும் மனிதர்களை நெருக்கமாக்கும். இரண்டு நாள் அப்படி இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புபவர், ஒரு குறையைச் சொன்னதற்காக அதிகாரியின் அறையில் நிற்கவைக்கப்பட்டால், முகாமுக்குச் செலவான பணம் வீண்.

1965-இல் தொடங்கப்பட்ட இன்கோசர்வ் என்னும் கூட்டமைப்பின் கீழுள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்து கொடுக்கும் சிறு விவசாயிகளே உறுப்பினர்கள். இலை கெட்டால் இழப்பு தம்முடையது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். எனவே இந்த மாற்றத்தை அங்கிருந்து தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்காலம் முழுவதும் ஷிப்ட் மாறும் கால் மணி நேரத்துக்குக் கூலி ஒதுக்கி, பரப்பியவரை முதலில் பேசவிட்டு, ஒதுக்கிவைத்த ட்ரஃபுகளையும் அவற்றின் தூளுக்கு ஏலத்தில் கிடைத்த விலையையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிவருமாறு அந்தச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தனியார் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இவ்வாறு செய்பவர்கள் இருந்தால், அவர்கள் அனுபவத்தையும் தாங்கள் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்,
குன்னூர்.