ஒரு துணைக்காலுக்காக

சான்றிதழில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஜெருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு தரும் 37,000 ரூபாய் மானியத்துக்கு விண்ணப்பிக்க, ஒரு பெயர்ச் சான்று கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு 4 தடவை வந்துபோன அம்மாவின் மகள் நான். மனு உங்களிடமே இருக்கிறது.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அம்மா மரியம்மாள். ரேஷன் கார்டில் மாரியம்மாள். என்றைக்கோ யாரோ காதில் விழுந்தபடி ஒரு துணைக்காலைச் சேர்த்துவிட்டார். பாஸ்போர்ட்டில் சிக்கலே வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான், அதில் மதம் கேட்கும் கட்டமும் கிடையாது. உங்கள் மேசையில்தான் அந்தக் கால் இடறுகிறது. “மாரியம்மாள்னா இந்துப் பேராச்சே” என்றார் உங்கள் ஊழியர்.

சரி, சந்தேகம் வரலாம். அதற்காக, “கிறிஸ்டியன்தான்னா ஒரு ஜெபம் சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பதா? அம்மாவுக்கு 68 வயது. 40 வருஷம் காப்பிப் பழம் பறித்தவர். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ்ஸில் வாந்தியெடுத்த களைப்போடு நின்றவர், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தார். பாதியில் ஊழியருக்கு போன் வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை கைகூப்பியபடியே இருந்துவிட்டு, அம்மா முதலிலிருந்து மறுபடி சொன்னார். வரிசையில் ஒரு சத்தம் இல்லை. “நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார் ஊழியர்.

அதையும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பங்குத்தந்தையின் கடிதம், ஆதார் எல்லாம் கொடுத்தாயிற்று. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மரியம்மாளும் மாரியம்மாளும் ஒருவரே என்று ஒரு சான்று.

ஆடி மாதம் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வரும் மாரியம்மாள்கள் யாரிடமாவது ஒரு மந்திரம் சொல்லச் சொல்லிக் கேட்பீர்களா? அம்மா பக்கத்து வீட்டுக் கூழையும் குடித்துத்தான் வளர்ந்தார். அதற்கும் ஒரு படிவம் இருந்தால் கொடுங்கள், நிரப்பித் தருகிறோம். ஓட்டுக் கேட்டு எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் துணைக்காலை எண்ணுவதே இல்லை.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குகிறது. ஐந்தாவது தடவை அம்மாவை அந்த பஸ்ஸில் ஏற்றமாட்டேன். திங்கட்கிழமை நானே வருகிறேன். இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்றை அன்றைக்கே தந்து உதவும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியம்மாளின் (உங்கள் கணக்கில் மாரியம்மாளின்) மகள்,
ஏற்காடு.