நாற்பத்து மூன்றாம் கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் டீமைப் பற்றிப் பொரிந்து தள்ளினாய். "ஒருத்தன் வாயே திறக்க மாட்டேங்கிறான்மா, அவனை மாத்தச் சொல்லப் போறேன்" என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு போட்டோமே, நினைவிருக்கிறதா? நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து ஆறு பேர், நான் ஒருங்கிணைப்பாளர். எட்டுப் பாடங்களையும் பிரித்துக் கொடுத்து, காலாண்டு விடுமுறைக்குள் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். வேலை நடக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒருவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார், ஒருவர் வானவில்லில், ஒருவர் யூனிகோடில். என் கணினியில் திறந்தால் பாதிப் பக்கம் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமாக இறைந்து கிடந்தது. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். 35 எடுக்கத் தவிக்கிற பிள்ளைக்கான புத்தகம் என்று எல்லோரும் தலையாட்டினோமே தவிர, எந்தக் கணக்கை விட்டுவிடுவது என்று யாரும் பேசவில்லை. வாத்தியார்களுக்கு விடுவதுதான் கஷ்டம். மொத்தம் 120 பக்கம். என் வகுப்புப் பையன் ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்குப் புக்கே பரவால்ல" என்றான்.

செய்முறை வடிவியலும் வரைபடமும் எடுத்த சார் மட்டும் எதையும் அனுப்பவில்லை. வினாத்தாளின் கடைசியில் வரும் 43, 44 அவைதான், தலா 8 மதிப்பெண். தோற்கிற பிள்ளையைக் கரையேற்றும் 16 மார்க்! கோபத்தில், "சிலருக்குப் பொறுப்பே இல்லை" என்று குழுவில் எழுதினேன். பெயர் போடவில்லை. போடாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு பயிற்சியில் அவரைப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தொடுகோடு, வடிவொத்த முக்கோணம் எல்லாம் படிப்படியாக, கவராயத்தை எங்கே ஊன்றுவது என்பது வரைக்கும், பென்சிலில் போட்டிருந்தார். "டைப் பண்ணத் தெரியாது டீச்சர். குரூப்ல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். ஓய்வுபெற மூன்று ஆண்டே இருந்த மனிதர். நான் மன்னிப்புக் கேட்டேனா என்கிறாயா? "சரி சார், கொடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு சனிக்கிழமை எங்கள் பள்ளியில் எல்லோரும் நேரில் உட்கார்ந்தோம். எதை நீக்குவது என்று நல்ல சண்டை. 120 பக்கம் 48 ஆனது. அவர் நோட்டுப் பக்கங்களை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தோம். அரையாண்டுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியது, முதல் திருப்புதல் தேர்வு சமயத்தில்தான் பிள்ளைகள் கைக்குப் போனது.

உன் ஆபீஸ் வேலை எனக்குப் புரியாது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாயா என்று மட்டும் சொல்.

அந்த நோட்டு இன்னும் நம் பீரோவில்தான் இருக்கிறது. திருப்பித் தர மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். தனியாகப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நீயும் வா.

அன்புடன்,
அம்மா