டயரின் ஓரத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள்: ஒட்டன்சத்திரம் சரக்கு வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பிக் குட்டியானை, பிக்கப், மினி லாரி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

டயர் கடைக்காரன் எழுதும் மடல் இது. விலை கூடிய டயரைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று தோன்றினால், படித்து முடித்துவிட்டு வேறு கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. எங்கே வாங்கினாலும் எத்தனை கிலோ தாங்கும் டயர் என்று பார்த்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கடைக்கு வருகிறவர்கள் சைஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள், விலை கேட்பார்கள், பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் வெட்டு, ஆழமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். பாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்கான பதில் டயரின் பக்கச் சுவரிலேயே, சைஸுக்குப் பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. 86, 102, 122 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது கிலோ கணக்கு அல்ல, லோடு இண்டெக்ஸ் என்னும் குறியீடு. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 102 என்றால் 850, 122 என்றால் 1500. எண் ஒன்று கூடினாலும் தாங்கும் எடை சுமார் மூன்று சதவீதம் கூடிவிடும். 107/105 என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண் தனி டயருக்கு, இரண்டாவது எண் பின்னால் ஜோடியாகப் போடுவதற்கு. அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கு உரியது: கே என்றால் 110 கிலோமீட்டர், எல் என்றால் 120.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் தேட வேண்டும், அதுதான் விஷயம்.

நம் ஊரில் அதிகம் ஓடும் குட்டியானையையே எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்த முதல் டாடா ஏஸுக்கு மொத்த எடை 1550 கிலோ, ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. அதற்கு உரிய டயர் 145 ஆர் 12 எல்டி (சிறு சரக்கு வண்டி டயர்), 8 பிளை (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்குக் கணக்கு). அதில் பொதுவாக 86 என்ற எண் இருக்கும். ஆல்டோ 800 காருக்கு வந்த 145/80 ஆர் 12 டயரும் அதே 12 அங்குல ரிம்மில்தான் உட்காரும். பார்வைக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையும் குறைவு. கார்க்காரர் கழற்றிப்போட்ட டயர் என்றால் கேட்கவே வேண்டாம், பாதி விலைக்குக் கிடைத்துவிடும். ஆனால் அதன் எண் 74, அதாவது 375 கிலோ. நான்கு டயரையும் சேர்த்தால் 1500 கிலோதான். வண்டியின் மொத்த எடையே அதைவிட 50 கிலோ கூட! நான்கும் சமமாகச் சுமந்தாலே இந்தக் கதி. லோடு ஏறினால் எடையில் பெரும்பங்கு பின்னச்சில்தான் (பின் சக்கரங்களின் அச்சில்) உட்காரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பெட்டிக் கணக்கு. தக்காளிப் பெட்டி 14 கிலோ என்று வைத்தால் 53 பெட்டி ஏற்றும்போதே 742 கிலோ வந்துவிடுகிறது. பெட்டியின் சொந்த எடை, தார்ப்பாய், கூட வரும் ஆள் எல்லாம் இதில் சேரவில்லை. எழுபது பெட்டி போனால் தக்காளி மட்டுமே 980 கிலோ. எழுபதோடு நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்பது மார்க்கெட் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

"இவ்வளவு ஏற்றியும் ஒன்றும் ஆகலையே" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். டயர் அன்றைக்கே வெடிக்காது என்பது உண்மைதான். அது சூட்டினால் கெடும் பொருள். தரையைத் தொடும் இடத்தில் பக்கச் சுவர் மடங்கும், சுற்றி மேலே போனதும் நிமிரும். பாரம் கூடக்கூட மடிப்பு பெரிதாகும், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பருக்குள் சூடு ஏறும். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூலுக்கோ கம்பிக்கோ உள்ள பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெளியே பட்டன் புதுசு போலவே இருக்கும். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டில் லோடு இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும்போது டயர் தோல் உரிந்து போகும். "காலி வண்டிதானே, எப்படி வெடிக்கும்? டயர் கம்பெனிதான் மோசம்" என்று கடைக்கு வந்து சத்தம் போடுவார்கள். சேதம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

காற்றைக் கூட்டி அடித்தால் தாங்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. பக்கச் சுவரில் அச்சிட்ட எடை, அங்கேயே குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் தாங்கும் எடை. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். ஆனால் காற்றை அந்த அளவுக்கு மேல் ஏற்றினால் தாங்கும் எடை ஏறாது. நடுப்பகுதி தேயும், ரோட்டுப் பிடிப்பு குறையும், ஒரு குழியில் இறங்கினால் அடி நேராக டயருக்குப் போகும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவதும் இதே சாதிதான். பட்டை கூட்டினால் வண்டி பின்னால் தாழ்வது நின்றுவிடும், அதைப் பார்த்து வண்டிக்குப் பலம் வந்துவிட்டதாக நினைக்கிறோம். டயர் படும் பாட்டைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தையும் மறைத்ததுதான் மிச்சம்.

இதை எடைமேடையில் தெரிந்துகொள்ளலாம். வழக்கமான லோடு ஏற்றிய பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை எடுங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஓர் எடை. கழித்தால் பின்னச்சின் எடை கிடைத்துவிடும். பின்னச்சில் 1100 கிலோ, டயர் இரண்டு என்றால் ஒரு டயருக்கு 550. அங்கே 530 தாங்கும் டயர் போதாது, மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்குள் இருந்தாலும் கூட. பெட்டிகளைப் பின்கதவுப் பக்கம் குவித்தால் இப்படித்தான் ஆகும், கேபின் பக்கம் தள்ளி அடுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். இடமும் வலமும் ஒரே மாதிரி எடை விழுவதில்லை என்பதால், கணக்கில் 10 சதவீதமாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு இறக்குகிறவர்கள் முன் டயரிலும் மிச்சம் வைக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் போடப் போட பாரம் முன்னால் சாயும், பிரேக் சூடும் ரிம் வழியாக டயருக்கு ஏறும்.

பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உள் டயர் ரீட்ரேட் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது), வெளி டயர் புதுசு என்று போட்டால் இரண்டின் உயரமும் ஒத்துப்போகாது, உயரமான டயர்தான் பெரும்பாரத்தைச் சுமக்கும். ரீட்ரேட் டயரை நான் குறை சொல்லவில்லை. நல்ல கேசிங்கில் (டயரின் அடிக்கூட்டில்) ஒழுங்காகச் செய்தது நன்றாகவே ஓடும். ஜோடி சேர்க்கும்போது உயரத்தை அளந்து சேர்த்துப் போடுங்கள்.

பெரிய லாரி வைத்திருப்பவர்களிடமும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு டயர் உள்ள முன்னச்சுக்கு 6 டன் 7 டன் ஆனது, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 டன் ஆனது. உடனே பழைய டயரிலேயே கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பேச்சு கிளம்பியது. 10.00 ஆர் 20, 16 பிளை டயரில் பெரும்பாலும் 146/143 என்று இருக்கும். 146 என்றால் 3000 கிலோ, முன்னால் இரண்டு டயருக்கு 6 டன் சரியாகப் போச்சு. ஏழாவது டன்னை எது தாங்கும்? 143 என்றால் 2725 கிலோ, பின்னால் நான்குக்கு 10.9 டன். பழைய வரம்புக்குப் போதும், புதிய வரம்புக்குப் போதாது. அரசு உயர்த்தியது அச்சின் வரம்பை மட்டும்தான். உங்கள் வண்டிக்கு ஆர்.சி.யில் என்ன எடை இருக்கிறதோ அதுதான் கணக்கு.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று சோதனைக்கு) போனால் யாரும் இந்த எண்ணைக் கேட்பதில்லையே என்பீர்கள். கேட்காமல் விடுவதால் விதி இல்லை என்று ஆகிவிடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது, 95ஆவது விதி டயரின் அளவையும் பிளை ரேட்டிங்கையும் பற்றியது. அதிக பாரத்துக்கு, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கார் டயர் வாங்கி மிச்சம் பிடித்த காசு இதில் எந்த மூலைக்கு?

கடைசியாக, இது உரிமையாளர்களுக்கு மட்டும். லோடு ஏற்றும் இடத்தில் ஓட்டுநரின் பேச்சு எடுபடுவதில்லை. "இன்னும் பத்துப் பெட்டிதானே, போட்டுக்கப்பா" என்று வியாபாரி சொன்னால், மறுத்தால் அடுத்த நடை கிடைக்காது என்று அந்தப் பையன் வாயை மூடிக்கொள்கிறான். டயர் வெடித்தால் வேகமாக ஓட்டினான் என்று அவன் மேலேயே பழி. டயரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், லோடு பேசியதும் நீங்கள். ஸ்டாண்டில் கூடிப் பேசி, எந்த வண்டிக்கு எத்தனை பெட்டி என்று முடிவு செய்து பின்கதவிலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். எல்லா வண்டியிலும் எழுதியிருந்தால் ஒருவரைக் காட்டி இன்னொருவரின் வாடகையைக் குறைக்க வியாபாரியால் முடியாது. ஒரு வண்டி மட்டும் எழுதினால் அந்த வண்டிக்குத்தான் நடை கைவிட்டுப் போகும், அதனால்தான் இதைத் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அடுத்த முறை டயர் வாங்க வரும்போது எடைமேடைச் சீட்டையும் ஆர்.சி. நகலையும் எடுத்து வாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. அதையும் படித்துவிட்டே காசை எண்ணுங்கள், என் கடையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
மார்க்கெட் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவன்