எல்லை வெப்பநிலை: எதற்கு எல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரை, ‘பிரபஞ்சத்தில் இதற்கு மேல் வெப்பமே கிடையாது’ என்று அடித்துச் சொல்லியிருந்தது. எல்லை வெப்பநிலை என்பதன் பொருள் அதுவன்று.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ரால்ஃப் ஹாகெடோர்ன் 1965இல் முன்வைத்த கருத்து, நிறை கூடக்கூட, புரோட்டான், நியூட்ரான் போன்ற ஹாட்ரான் துகள்களின் வகைகள் அடுக்குக்குறி வேகத்தில் பெருகுகின்றன என்பது. அப்படியானால் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஊட்டப்படும் ஆற்றல், இருக்கிற துகள்களை வேகப்படுத்தாமல், கனத்த புதுத் துகள்களைப் பிறப்பிப்பதிலேயே தீர்ந்துவிடும். வெப்பநிலை ஏறத்தாழ 2 லட்சம் கோடி கெல்வினில் நின்றுவிடும்; இந்த எல்லையே ஹாகெடோர்ன் வெப்பநிலை. 1975இல் இயற்பியலாளர்கள் கபிபோவும் பாரிசியும் இதற்கு வேறு பொருள் கண்டனர். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் இட்லிக் கொப்பரைத் தண்ணீர் 100 டிகிரியில் நிற்பது தண்ணீருக்கான எல்லையே தவிர, நீராவிக்கானது அன்று. ஹாட்ரான்கள் கரைந்து, அவற்றின் உட்கூறுகளான குவார்க்குகளின் குழம்பாகிவிட்டால் மேலும் சூடேறலாம். செர்னின் கன அயனி (கனத்த அணுக்கரு) மோதல்களில் அந்த அளவு தாண்டப்பட்டும் விட்டது.

ஒரு கோட்பாட்டைக் கூடுதல் பரிமாணமுள்ள வேறொரு கோட்பாடாக எழுதிப் பார்க்கும் ஹோலோகிராபிக்கு இதில் என்ன வேலை என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பிணைப்பு, அதாவது துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கும் வலிமை, மிகுதியாக இருக்கும்போது வழக்கமான தோராயக் கணக்குகள் கைகொடுப்பதில்லை. இயற்பியலாளர் மால்டசேனா 1997இல் வெளியிட்ட கருதுகோளின்படி, அத்தகைய சில கோட்பாடுகளைக் கூடுதல் பரிமாணமுள்ள வெளியில் இயங்கும், துகள்களை நுண்ணிய இழைகளாகக் காணும் இழைக் கோட்பாடாக எழுதிக் கணக்கிடலாம். இங்கே சூடான நிலை என்பது அங்கே கருந்துளை. கோள வெளியில் வைத்து ஆராயப்படும், மிகைச் சமச்சீர் (பொருள் துகள்களையும் விசைத் துகள்களையும் இணைக்கும் சமச்சீர்) கொண்ட ஒரு மாதிரிக் கோட்பாட்டில், ஹாகெடோர்ன் வெப்பநிலை, பிணைப்பின் வலிமையைக் குறிக்கும் எண்ணின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப உயர்ந்துகொண்டே போகிறது. கருந்துளை மேலோங்கத் தொடங்கும் வெப்பநிலையோ அப்படி உயர்வதில்லை. ஆகவே வலுவான பிணைப்பில், எல்லையைத் தொடுவதற்கு முன்பே நிலைமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. வலுக்குறைந்த பிணைப்பில் என்ன நடக்கும் என்று 2003இல் ஆராய்ந்த ஐவரில், இன்று நம் கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் ஷிராஸ் மின்வாலாவும் ஒருவர். மும்பைப் பத்திரிகை இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே.

உச்சவரம்பு எங்குமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இழைக் கோட்பாட்டின் ஈர்ப்பு விசையற்ற ஒரு வகையான ‘சிறு இழைக் கோட்பாடு’ எனப்படுவதில், அதற்கு ஈடான கருந்துளைக்கு எவ்வளவு ஆற்றலை ஊட்டினாலும், முதல் தோராயத்தில் வெப்பநிலை அசைந்துகொடுப்பதில்லை.

இவை யாவும் மாதிரிக் கோட்பாடுகள். நம் உலகின் குவார்க்குகளுக்குத் துல்லியமான ஹோலோகிராபி வடிவம் இன்னும் கிடைக்கவில்லை. இவ்வேறுபாட்டைச் சிறு திருத்தமாகவேனும் வெளியிட்டு, டாடா நிறுவனம் அமைந்துள்ள நேவி நகரில் ஆய்வு செய்யும் தமிழர் எவரிடமாவது இப்பொருள் குறித்துக் கட்டுரை கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மாட்டுங்கா, மும்பை.