ரேடாரில் தெரிந்தது என்றால், எந்த ரேடாரில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகள் கண்ட, விளக்கம் கிடைக்காத ஒளிகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பார்த்தவர்களைக் கேலி செய்யாமல் எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் ஒவ்வொரு சம்பவத்தையும் "ரேடாரிலும் பதிவானது" என்று சொல்லிக் கட்டுரை அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. ரேடார் வேலை தெரிந்தவர்களால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. எந்த வகை ரேடார்? திரையில் வந்த புள்ளி எப்படிப்பட்டது? அந்தப் பதிவு இன்று யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றும் தெரியாதவரை அந்த வரிக்கு எடை இல்லை.

விமான நிலையங்களில் பயன்படுவது இரண்டு வகை. செகண்டரி ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வி அனுப்பும். விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் நாலு இலக்க எண்ணையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். பதில் சொல்லக் கருவி இல்லாத பலூன், பறவை, டிரோன் எதுவும் அதில் தெரியாது. விமானங்கள் மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கும் டிகாஸ் கருவியும் இதே கேள்வி பதிலை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே "விமானி பார்த்தார், டிகாஸில் ஒன்றுமே இல்லை" என்பதை அதிசயமாக எழுத வேண்டியதில்லை. பிரைமரி ரேடார் வேறு. அது ரேடியோ அலைத் துடிப்பை அனுப்பிவிட்டு, பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கும். தூரமும் திசையும் கிடைக்கும். சாதாரண விமான நிலையப் பிரைமரியில் உயரம் கிடைக்காது. "ரேடாரில் அது சடாரென்று இறங்கியது" என்று யாராவது சொன்னால், உயரத்தை எந்தக் கருவி சொன்னது என்று முதலில் கேளுங்கள்.

பிரைமரிக்குக் கண் ஜாஸ்தி. மலை, கட்டடம், மழை, வெளவால் கூட்டம் எல்லாம் அதற்குத் தெரியும். அத்தனையும் திரையில் வந்தால் வேலை நடக்காது என்பதால் நகராதவற்றையும் மெதுவாக நகர்பவற்றையும் வடிகட்டித் தள்ளிவிடுவார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சீன பலூனை 4-ஆம் தேதி சுட்டு வீழ்த்திய பின், மெதுவான பொருள்களும் தெரியட்டும் என்று ரேடாரின் வேக வடிகட்டியைத் தளர்த்தினார்கள். 10, 11, 12 தேதிகளில் அமெரிக்க, கனடா வானில் அடுத்தடுத்து மூன்று பொருள்களைச் சுட்டார்கள். அந்த வாரத்தில் திடீரென்று வானம் நிறைந்துவிட்டதாக உலகமே பேசியது. மாறியது சல்லடையின் கண்.

நம் பக்கத்துக்கு வருவோம். பல்லடம், பொங்கலூர், உடுமலை, தாராபுரம் வட்டாரம் முழுக்க மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிகள். 40 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 16 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சின்ன விமானத்தின் வேகம் அது. கம்பம் நிற்கிறது, இறக்கை பறக்கிறது. நிற்பதைத் தள்ளிவிடும் டாப்ளர் வடிகட்டி இறக்கையைத் தள்ளாது. ரேடார் ஆன்டெனா 4 அல்லது 5 விநாடிக்கு ஒரு முறை சுற்றி வரும்போது ஒரு சுற்றில் இந்தக் காத்தாடியின் இறக்கை வாகான கோணத்தில் மாட்டும், அடுத்த சுற்றில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொன்றின் இறக்கை மாட்டும். புள்ளிகளைக் கோத்துப் பாதை போடும் கணினி இரண்டையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால், நிற்கவும் செய்கிற, தாவவும் செய்கிற ஒரு "விமானம்" திரையில் பிறந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மார்கழி, தை மாதங்களில் வேறொரு கோளாறு. விடியற்காலையில் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி நம் வாசலில் கட்டினது போலக் கேட்கும். சாளையில் மூட்டிய அடுப்புப் புகை மேலே ஏறாமல் தோட்டத்தின் மேல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். தரை குளிர்ந்து, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்திருப்பதன் அடையாளம் இது. ஒலியைக் கீழே வளைப்பது போலவே இந்த அடுக்கு, ஈரப்பதத்தின் துணையோடு, ரேடார் கதிரையும் வளைத்துவிடும். தொடுவானுக்கு அப்பால் போக வேண்டிய கதிர் தரையில் இறங்கி லாரியையும் பாறையையும் தொட்டுத் திரும்பும். விநாடிக்கு 1000 துடிப்பு அனுப்பும் ரேடார் 150 கிலோமீட்டர் வரைதான் தூரத்தைச் சரியாகச் சொல்லும். 180 கிலோமீட்டரிலிருந்து வரும் எதிரொலி அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகுதான் வந்து சேர்கிறது. திரையில் அது 30 கிலோமீட்டரில் தெரியும். சம்பந்தமே இல்லாத இரண்டு பொய்ப் புள்ளிகள் 5 விநாடி இடைவெளியில் 10 கிலோமீட்டர் தள்ளி வந்தால், பார்ப்பவர் போடும் கணக்கு மணிக்கு 7,200 கிலோமீட்டர். "எந்த விமானத்தாலும் முடியாத வேகம்" என்ற தலைப்பு இப்படியும் வரும்.

1952 ஜூலையில் வாஷிங்டன் விமான நிலையத் திரைகளில் இரண்டு வார இறுதி இரவுகளில் புள்ளிகள் திரிந்தபோது, அமெரிக்க விமானப்படை 29-ஆம் தேதி செய்தியாளர்களைக் கூட்டி இந்த வெப்ப அடுக்கையே காரணமாகச் சொன்னது. திரைக்கு முன் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்னதையும் மதிக்க வேண்டும். ஆனால் திரும்ப ஓட்டிப் பார்க்க அன்று பதிவு இல்லை, அதனால் சண்டை இன்னும் தீரவில்லை.

1986 நவம்பர் 17 அன்று அலாஸ்கா மேலே பறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 1628 சரக்கு விமானத்தின் கதை அப்படியல்ல. கேப்டன் தெராவுச்சி பெரிய பொருள் ஒன்று கூடவே வருவதாகச் சொன்னார். தரையிலும் அவர் விமானத்தை ஒட்டி இன்னொரு புள்ளி தெரிந்தது. உங்கள் கட்டுரை இங்கேயே நின்றுவிடுகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ரேடார் பதிவைப் பத்திரப்படுத்தித் திரும்ப ஓட்டிப் பார்த்தது. அந்த போயிங் 747-இன் பிரைமரி எதிரொலியும் டிரான்ஸ்பாண்டர் பதிலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரண்டு புள்ளியாகப் பிரிந்து விழுந்திருக்கின்றன என்று 1987-இல் அறிவித்தது. கேப்டன் கண்ணால் பார்த்தது என்ன என்ற கேள்வி அதனால் முடியவில்லை. ரேடார் சாட்சி மட்டும் விலகிவிட்டது. இரண்டையும் பிரித்து எழுதுவதுதான் நேர்மை.

கண்ணுக்கும் இதே பரிசோதனை வேண்டும். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் 329 முறை ஒளிகளைக் குறித்து வைத்தார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பார்த்துவிட்டு அவை வெள்ளியும் வியாழனும் என்றார்கள். விடிவெள்ளி பார்த்தே எழுந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். மலை உயரத்தின் தெளிந்த காற்றில் அதன் பிரகாசம் வேறு, விமானத்திலிருந்து பார்த்தால் இன்னும் வேறு. எத்தனை கிலோமீட்டர் பறந்தாலும் கிரகம் அதே திசையில் நிற்பதால் "கூடவே வந்தது" என்று தோன்றும். இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் சேர்ந்துவிட்டன. தொடுவானத்துக்குக் கீழே சூரியன் இருக்கும் பக்கத்தில் ஒன்று சில விநாடி பளீரென்று மின்னி மறையும், அதே இடத்துக்கு அடுத்தது வந்து மின்னும். விமானிக்கு ஒரே விளக்கு வட்டமடிப்பது போல இருக்கும்.

"கோஃபாஸ்ட்" என்று பேர் வாங்கிய போர் விமான வீடியோவையும் படத்தோடு போட்டிருந்தீர்கள். கடலை உரசிக்கொண்டு பாய்வது போலத் தெரியும் அந்தப் பொருளை 2023 செப்டம்பரில் நாசா குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. வீடியோ திரையிலேயே எழுதியிருக்கும் எண்கள் போதுமானதாக இருந்தன. விமானம் 25,000 அடியில், பொருள் சுமார் 13,000 அடியில். 22 விநாடியில் அது நகர்ந்தது ஏறத்தாழ 390 மீட்டர், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டர். நம் தேசிய நெடுஞ்சாலையில் லாரி போகும் வேகம். மீதி வேகமெல்லாம் பார்க்கும் விமானத்தின் ஓட்டம்.

இவ்வளவு சொல்வதால் எல்லாமே வெள்ளியும் காத்தாடியும்தான் என்று நாங்கள் சாதிப்பதாக எண்ண வேண்டாம். 2004 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவுக்கு அப்பால் இரண்டு எஃப்-18 போர் விமானங்களில் இருந்த நால்வர், அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பலின் ரேடார் காட்டிய திசையில் போய் வெள்ளையான ஒரு பொருளைப் பார்த்தார்கள். இப்படித் தனித்தனிச் சாட்சிகள் பொருந்தும் சம்பவங்கள் கொஞ்சம்; அவையே உண்மையில் ஆராய வேண்டியவை. ஆனால் அந்த ரேடாரின் முழுப் பதிவு பொதுவில் இல்லை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ பறப்பதாகச் சில மணி நேரம் வான்வெளியையே மூடினார்கள். ரஃபேல் விமானங்கள் போய்த் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பின. நம் நாட்டில், நம் காலத்தில் நடந்தது. அன்றைய பதிவுகளை வைத்து ஒரு முழு அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆதங்கம்.

பதிவு தானாக நிற்காது. கட்டுப்பாட்டு அறையின் குரல் பதிவையும் ரேடார் பதிவையும் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்குள் யாரும் எழுத்தில் கேட்கவில்லையென்றால் அதன் மேலேயே புதுப்பதிவு ஏறிவிடலாம். காக்பிட் குரல் பதிவுப் பெட்டி பல விமானங்களில் 2 மணி நேரம்தான் தாங்கும். இறங்கியவுடன் எடுத்து வைக்காவிட்டால் அடுத்த பயணத்தில் அழிந்துவிடும். நேரத்தையும் சரியாக எழுத வேண்டும். நம் இரவு 8.30 விமானத் துறையின் உலக நேரத்தில் 15.00. விமானி ஒரு நேரத்தையும் நிருபர் இன்னொன்றையும் எழுதினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய்த் தேடி "ரேடாரில் எதுவும் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். திசையும் அப்படித்தான். மூக்கைக் கடிகாரத்தின் 12 மணியாக வைத்து விமானிகள் திசை சொல்வார்கள். விமானத்தின் மூக்கு 60 டிகிரியில் இருக்கும்போது விமானி "இரண்டு மணி" என்றால் 120 டிகிரி என்று பொருள். மூக்கின் திசையைக் குறிக்காமல் இரண்டு மணியை மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் பயன்படாது.

பறவை மோதினால் விமானி நிரப்பித் தரப் படிவம் இருக்கிறது. யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. விளக்கம் தெரியாத ஒளிக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் வேண்டும். பிரான்சின் விண்வெளி நிறுவனம் 1977 முதல் இதற்கென்றே ஒரு சிறு பிரிவை நடத்துகிறது. வரும் தகவல்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, ஆராய்ந்தும் விளங்காததை டி-யில் போடுகிறது. போதிய தகவல் இல்லாதது சி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தங்கள் நிருபர்களும் கைக்கொண்டால் கட்டுரைகளில் பாதி "மர்மம்" சி-க்குப் போய்விடும்.

தோட்டத்தில் நின்று ஒளியைப் பார்க்கும் வாசகர்களுக்கும் ஒன்று. செல்போனை எடுத்துப் பெரிதாக்கிப் படம் பிடித்தால் வெறும் புள்ளிதான் ஆடும். அதற்குப் பதில் தண்ணீர்த் தொட்டி, தென்னை, மின்கம்பம் என்று அசையாத ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்து, பெரிதாக்காமல், போனைச் சுவரில் சாய்த்து எடுங்கள். கையை முழுக்க நீட்டினால் மூடிய கை ஏறத்தாழ 10 டிகிரி, சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. ஒளி தொடுவானிலிருந்து எத்தனை கை உயரம், நேரம் என்ன, நீங்கள் நின்ற இடம் எது என்று அப்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ரேடார் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இருவர்,
சிங்காநல்லூர், கோவை.