கல்லூரி தோறும் ஒரு பக்கம் வேண்டும்: உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

முக்கூடல் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். பணியில் இருந்திருந்தால் இப்படி ஒரு மடல் எழுத விதி இடம் தந்திருக்காது. இப்போது எழுதலாம். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சென்ற மாதம் ஒரு காலையில், பீடி சுற்றும் அம்மாள் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்த சுளகை அப்போதுதான் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் பொடியின் பழுப்பு. கையில் ஒரு நீளமான உறை. "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை" என்றார். வங்கியின் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு அது. மகள் பெயரில் கல்விக் கடன், தாய் உடன் கடனாளி, பாக்கி 5,12,000 ரூபாய். மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து தீர்த்துக்கொள்ளாவிட்டால் மேல்நடவடிக்கை தொடரும் என்று கடைசி வரியில் இருந்தது.

தொகையை நான் வாசித்ததும் அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் தப்பாக வாசித்துவிட்டேன் என்றே நினைத்தார். "வாங்கியது மூன்று லட்சத்து இருபதாயிரம் சார். அவள் வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம் மூவாயிரம் மூவாயிரமாகக் கட்டியும் இருக்கிறாள். இன்னொரு தடவை பாருங்கள்" என்றார். இன்னொரு தடவை பார்த்தேன். ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம்தான்.

ஐயா, அந்தக் கல்லூரியை அவர்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

2018-ஆம் ஆண்டு நடந்தது. பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு வந்த ஆண்டு அது. சென்னைக்குப் போய்வரும் செலவு மிச்சம் என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் சேர விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலை நிரப்பத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் மிகக் குறைவு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கணினி மையத்தில் அந்தப் பெண்ணையும் இன்னும் நான்கைந்து பிள்ளைகளையும் உட்காரவைத்து நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவளுடைய கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு இரண்டு கல்லூரிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இரண்டும் சுயநிதிக் கல்லூரிகள்; இரண்டிலும் மின்னணுவியல் படிப்பு இருந்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் தங்களுக்குத் தெரியும்: என்.பி.ஏ. என்ற தேசியத் தரச்சான்று வாரியத்தின் சான்று பெற்ற படிப்புக்கு ஆண்டுக்கு 55,000, பெறாததற்கு 50,000. அந்த இரண்டு கல்லூரிகளில் சான்று இல்லாத, கட்டணம் குறைந்த கல்லூரியை நான் பட்டியலில் மேலே வைத்தேன். ஆண்டுக்கு ஐந்தாயிரம் என்றால் நான்கு ஆண்டுகளில் இருபதாயிரம் மிச்சம். பீடி சுற்றும் வீட்டில் இருபதாயிரம் என்பது ஏறக்குறைய நான்கு மாதக் கூலி. கணக்கு வாத்தியாரின் கணக்கு என்று அந்த அம்மாளும் நம்பினார்.

அந்தக் கணக்கு தப்பு. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசே கட்டிவிடும். எங்கள் பிள்ளைகள் துணிந்து கடன் வாங்குவதே அந்த நம்பிக்கையில்தான். 2018-19 கல்வியாண்டிலிருந்து அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தரச்சான்று தந்த கல்லூரியிலோ, என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற படிப்பிலோ சேர்ந்தவர்களுக்கே மானியம். ஐ.ஐ.டி. போன்ற தேசிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. நான் மேலே வைத்த கல்லூரியில் அந்த இரண்டு சான்றுகளும் இல்லை.

ஆண்டுக்கு எண்பதாயிரமாக நான்கு தவணை. பத்தரை சதவீத வட்டி. படிப்பும் அதற்குப் பின் ஓராண்டும் சேர்த்து வட்டி ஏறும் காலம் முதல் தவணைக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. கூட்டினால் பதினான்கு எண்பதாயிரங்களின் ஓராண்டு வட்டி. 1,17,600 ரூபாய். அவள் ஒரு ரூபாய் சம்பாதிப்பதற்கு முன்பே கடனின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட தொகை இது. அதன்பின் அந்த வட்டிக்கும் வட்டி. மாதத் தவணை ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்று வங்கி நிர்ணயித்தபோது அவள் சம்பளம் பதின்மூன்றாயிரம். மூவாயிரம் கட்டினாள். பின்பு அதுவும் முடியாமல் போயிற்று. இருபதாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு லட்சத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றியிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கையேட்டைப் படித்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். படித்தேன். கலந்தாய்வுக்கு வெளியிடப்படும் கல்லூரி விவரங்களில் விடுதி வாடகை, உணவுக் கட்டணம், பேருந்துக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. தரச்சான்று உண்டா, எந்த ஆண்டு வரை என்ற கட்டமும் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வட்டி மானியம் கிடைக்காது என்ற ஒரு வரி அங்கே இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்த மடல் இல்லை.

பேருந்துக் கட்டணம் என்றேன். அந்தக் கல்லூரி வாசலில் அரசுப் பேருந்து நிற்காது. கல்லூரிப் பேருந்துக்கு ஆண்டுக்கு இருபத்திரண்டாயிரம். வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் பன்னிரண்டாயிரம். சீருடை, ஆய்வகம், சங்கச் சந்தா, தேர்வு என்று தனித்தனி ரசீது, சிலவற்றுக்கு ரசீதே இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கழிந்தபின்னும் ஆண்டுக்கு எண்பதாயிரம் ஆனது இப்படித்தான். கட்டணக் குழு நிர்ணயித்த தொகை ஒன்று, வீட்டிலிருந்து போன தொகை வேறொன்று. இந்த இரண்டாவது தொகையை அரசு எங்காவது பதிவு செய்கிறதா?

ஆகவே என் கோரிக்கை இதுதான். தமிழ்நாட்டின் ஒவ்வொரு கல்லூரிக்கும், அதில் உள்ள ஒவ்வொரு படிப்புக்கும், ஒரே மாதிரியான ஒரு பக்கத்தை அரசு வெளியிட வேண்டும். படிப்பு முடியும்வரை ஒரு குடும்பம் உண்மையில் கட்டும் மொத்தத் தொகை, வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா இல்லையா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், கடனோடு வெளியேறியவர்களின் சராசரிக் கடன் எவ்வளவு, மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். கலந்தாய்வுக்கு முன்பே இருக்க வேண்டும். கல்லூரி சொன்னதை அப்படியே அச்சிடாமல் அரசு சரிபார்த்ததாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி உதிரிபாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறாள். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவள் பிளஸ் டூ முடித்தவள். அவளுக்குக் கடன் இல்லை. அதே வகுப்பில் படித்த இன்னொரு பெண், பொறியியல் வேண்டாம் என்று பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான் கட்டணம். குரூப் நான்கு தேர்வில் தேறி இன்று இளநிலை உதவியாளர். அவளுக்கு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தது; அதே கட்டடத்தில் அதே பாடத்தைச் சுயநிதிப் பிரிவில் படித்தவர்கள் பல மடங்கு கட்டினார்கள். மூன்றாவதாக ஒரு பையன், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து இப்போது பெங்களூரிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். பொறியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வகுப்பறையில் ஒரே பெஞ்சில் இருந்த மூவருக்கும் வழி பிரிந்த இடத்தில், எந்த வழிக்கு என்ன விலை என்று சொல்லும் ஒரு தாள் இருக்கவில்லை என்பதே என் குறை.

விளம்பரம் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஜங்ஷன் வரை நடந்தால் போதும், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று எத்தனை பலகைகள் என்று எண்ணிவிடலாம். நூறு சதவீதம் என்றால் யாரில் நூறு சதவீதம்? சேர்ந்த அத்தனை பேரிலா, பாக்கிப் பாடம் இல்லாதவர்களிலா? மத்திய அரசின் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் தகவல்களில் இடைநிலைச் சம்பளத்துக்கென, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்துக்கென, ஓர் இடம் இருக்கிறது. அதுவும் வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே. கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பூஜ்யத்தை விட்டுவிட்டுச் சராசரியோ இடைநிலையோ போடக் கூடாது என்று நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கல்லூரிகள் சொல்வதை நம்ப முடியாது என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது 2024-இல் வெளிவந்து ஊரே பேசியது. ஆய்வுக்குப் போன குழுக்கள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டன? ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டியிருந்த பொறியியல் கல்லூரிகள் இன்று நானூற்றுச் சொச்சமாகிவிட்டன. மூடிய கல்லூரிகளில் படித்தவர்களின் கடன் மூடப்படவில்லை. கல்லூரி போய், கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டாலும் வங்கி அறிவிப்பு வந்துகொண்டுதான் இருக்கும். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28 என்று 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. மேடைதோறும் அதைச் சொல்கிறார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. அந்த 47-இல் என் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். உள்ளே போனவர்களை எண்ணும் அரசு, வெளியே வந்தவர்களை ஏன் எண்ணுவதில்லை என்று கேட்கும் உரிமையும் அதனால்தான் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். அரசு செய்திருக்கும் நல்லவற்றை நான் மறக்கவில்லை. 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்பதும் எங்கள் ஊரில் பல வீடுகளைக் கடனிலிருந்து காத்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயில் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் சமாளிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். இந்த அம்மாளின் மகள் மூன்றாண்டுகள் முந்திப் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திட்டங்களே என் கோரிக்கைக்கும் வழி காட்டுகின்றன. 7.5 சதவீதத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. முதல் தலைமுறைச் சலுகை பெற்றவர்களின் பட்டியலும் இருக்கிறது. கல்லூரி வாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஏற்கெனவே வெளியிடுகிறது. மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களின் பதிவு இருக்கிறது. வேலையில் சேர்ந்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி எண் இருக்கிறது. வங்கிகளிடம் கடன் கணக்கு இருக்கிறது. எல்லாம் தனித்தனி அலுவலகங்களில் தூங்குகின்றன. யாருடைய பெயரும் வெளியே வர வேண்டாம். மொத்தக் கணக்கு போதும். அமெரிக்கக் கல்வித் துறை 2015 முதல் கல்லூரி வாரியாகப் படிப்புச் செலவு, மாணவர் கடன், பட்டதாரிகளின் வருமானம் மூன்றையும் ஒரே இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. அவ்வளவு பெரிய நாட்டில் முடிவது ஒரு மாநிலத்தில் முடியாதா? எல்லாக் கல்லூரிகளுக்கும் உடனே முடியாது என்றால், அரசு தன் பணத்தில் படிக்கவைத்த பிள்ளைகளிடமிருந்தாவது தொடங்குங்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரியுங்கள்.

வரும் கலந்தாய்வுக்கு முழுப் பக்கமும் தயாராகாது என்பது எனக்குப் புரிகிறது. தரச்சான்றுக் கட்டத்துக்குக் கீழே "இந்தப் படிப்பில் சேர்ந்தால் கல்விக் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்கும்" அல்லது "கிடைக்காது" என்ற ஒரு வரியையாவது தமிழில் சேர்த்துவிடுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், குழு வேண்டாம், தங்கள் கையெழுத்து ஒன்று போதும். அடுத்த ஆண்டுக்குள் அந்தப் பக்கம் முழுமையாக வர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மக்கள் நீதிமன்றத்துக்கு அந்த அம்மாளோடு நானும் போகிறேன். அசலோடு நிறுத்திக்கொள்ளும்படி வங்கியிடம் கேட்கப் போகிறோம். ஒரு நாள் கூலி போகுமே என்று அவர் முந்தின இரவே சேர்த்துச் சுற்றி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டும் ஆறு பிள்ளைகள் விருப்பப் பட்டியல் நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.